ஒன்பதாவது ரத்தவகை

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் வினோதினி. நான் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். கிள்ளானில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பதிவுகளைப் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றுகிறார்களாம்.

"அங்கிள், பழைய ஃபைல்ல உங்க பேருதான் இருக்கு. ரத்தவகைக்கு நீங்க எழுதின டைப்ல எட்டு வகைக்கு மேல ஒன்பதாவதா ஒன்னு கிடக்கு. டெஸ்ட் பண்றப்ப யாரோ போட்டு, எடுக்க மறந்துட்டாங்களா? எடுத்துடலாம்தானே?"

"எடுக்காதம்மா" என்றேன். என் குரல் ஏறியதில் அவள் பயந்துவிட்டாள் போல. பிறகு அரை மணி நேரம் விளக்கினேன். இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், ஃபைலோடு சேர்த்து வைக்கிறோம் என்று அவள்தான் கேட்டாள். அதனால் எழுதுகிறேன். பெருமைப்பட எழுதவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நானும் அங்கேயே சேர்வேன் என்று அவர் நினைத்திருந்தார். எனக்கோ கையில் எண்ணெய் படுவது பிடிக்காது. மாலை வகுப்பில் கணினி படித்தேன். துளை போட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. ஒருமுறை கட்டு கீழே விழுந்து, அட்டைகளைத் திரும்ப அடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. பதினைந்து வருடம் அப்படி ஓடியது. அதற்குப் பிறகுதான் விவரங்களை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ் வந்தது, நானும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினேன்.

தரவு வகை என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது வெறும் டைப். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனைக் கணினியில் அட்டவணைகள் நிறைய இருக்கும். நோயாளிக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று. இவற்றில் பலவற்றில் ரத்தவகை என்ற கட்டம் வரும். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக 'இந்தக் கட்டத்தில் இதைத்தான் எழுதலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் விட்டுப்போகும், இன்னோரிடத்தில் தப்பாகும். அதனால் ரத்தவகை என்று நாமே ஒரு டைப்பை ஒரே தடவை உருவாக்கி, அதற்கு ஒரு விதியும் எழுதிக் கட்டிவிடுவோம். பிறகு எந்த அட்டவணையில் வேண்டுமானாலும் அந்த டைப்பைப் போட்டுக்கொள்ளலாம். முறுக்கு அச்சு மாதிரி. யார் வீட்டு மாவாக இருந்தாலும் அச்சு சொல்லும் வடிவம்தான் வரும்.

எனக்கு இந்த வேலையில் கிறுக்கே பிடித்திருந்தது. நான் எழுதிய டைப்பைத் தாண்டி ஒரு தப்பான எழுத்து உள்ளே போக முடியாது என்பதில் அவ்வளவு மிதப்பு. அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு டைப், வார்டு எண்ணுக்கு ஒன்று, போன் நம்பருக்கு ஒன்று. டீக்கடையில்கூட இதைப் பற்றியே பேசி நண்பர்களை விரட்டியிருக்கிறேன்.

எங்கள் மேலாளர் திரு. லிம். கிள்ளான் சீனர், அறுபதை நெருங்கியவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவரிடம் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. நாங்கள் உருவாக்கும் ஒவ்வொரு டைப்பையும் அதில் பேனாவால் எழுத வேண்டும். முதல் பத்தியில் பெயர். இரண்டாவதில் விதி. மூன்றாவதில் 'சியாப்பா சாக்காப்' என்று மலாயில் தலைப்பு. யார் சொன்னது என்று அர்த்தம். இந்த விதி சரி என்று உங்களுக்குச் சொன்ன ஆளின் பெயரும் கையெழுத்தும் அங்கே வர வேண்டும். அவர் அந்த வேலையைத் தினமும் செய்கிறவராக இருக்க வேண்டும். அதிகாரியாக இருந்தால் லிம் ஏற்க மாட்டார்.

புத்தகத்தைக் கொண்டுபோனால், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைப்பார். ஒரு வரி படிப்பார். ஸ்கேலை இறக்குவார். நடுவில் ஃபிளாஸ்க்கிலிருந்து சீன டீ ஊற்றிக் குடிப்பார். நமக்குப் பொறுமை போய்விடும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் திட்ட மாட்டார். புத்தகத்தை மூடி நம் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

அந்த மருத்துவமனையின் வேலை எனக்குக் கிடைத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்து எல்லாப் பிரிவிலும் பேச வேண்டும். பதிவு கவுண்டரில் உட்கார்ந்தேன், வார்டில் உட்கார்ந்தேன். லேப் மூன்றாவது மாடியில். ஒரு நாள் போனேன், கதவில் 'உள்ளே வராதீர்' என்று இருந்தது, திரும்பிவிட்டேன். ரத்தவகையில் கேட்க என்ன இருக்கிறது? ஏ, பி, ஏபி, ஓ. ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், நெகட்டிவ். எட்டு. நோயாளியின் அட்டையிலேயே எட்டுக் கட்டம் அச்சடித்திருந்தார்கள்.

லிம் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். "யார் சொன்னது?"

"எட்டுதான்னு எல்லாருக்கும் தெரியும் பாஸ்."

"அப்படியே எழுது."

எழுதினேன். மூன்றாவது பத்தியில் 'எல்லாருக்கும் தெரியும்' என்று எழுதி நானே கையெழுத்தும் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். வேலை தலைக்கு மேல் இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த டைப்பை அப்படியே கணினியில் போட்டுவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்தது. மருத்துவமனைக் கிளார்க் சாந்தி கெட்டிக்காரப் பெண், சந்தேகம் வந்தால் உடனே எனக்குப் போன் போடுவாள். ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு கார்டுல எட்டுக் கட்டத்தையும் சிவப்பு மையில அடிச்சிருக்கு. மேல பம்பாய் வகை, லேப்ப கேளுன்னு எழுதியிருக்கு. என்னத்த போட? எதையும் போடலன்னா சேவ் ஆக மாட்டேங்குது."

"கார்டுல வேற ரிப்போர்ட் ஏதும் ஒட்டியிருக்கா?"

"இருக்கு. முதல் டெஸ்டுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கு."

"அப்ப ஓ பாசிட்டிவ் போடு. மத்தத ரிமார்க்ஸ்ல போட்டுடு."

"சரியாண்ணே? லேப்ப கேக்கவா?"

"நான் சொல்றேன்ல, போடு லா."

போட்டாள். ரிமார்க்ஸ் கட்டம் எமர்ஜென்சி திரையில் வராது. திரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான்தான் அதை எடுத்திருந்தேன். அட்டைகளைப் பெட்டிகளில் கட்டிக் கீழே ஸ்டோருக்கு அனுப்பினோம். திறப்பு விழாவில் கேக் வெட்டினார்கள், எனக்குத்தான் பெரிய துண்டு.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை. பிரிண்டர் ஒன்று மக்கர் செய்கிறது என்று போயிருந்தேன். எமர்ஜென்சி கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி. ரத்தப்போக்கு. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். இந்த மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலையே ஏற்பாடு செய்திருந்தது. பெயர் புஷ்பவள்ளி.

கவுண்டரில் இருந்த மிஸி, அதாவது நர்ஸ், அவளுடைய அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள். இரண்டே நொடியில் திரை வந்தது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மிஸி, எனக்கு ஓ ரத்தம் ஏத்தக் கூடாது" என்றாள் அந்தப் பெண். மூச்சு வாங்கியது. "எனக்கு வேற வகை. முன்னாடி இங்க ஆபரேசன் பண்ணப்ப லேப்புல தேவகி அக்கா சொன்னாங்க. அவங்கள கேளுங்க."

"கம்ப்யூட்டர்ல ஓ பாசிட்டிவ்னுதான்மா இருக்கு. பயப்படாத லா, எல்லாம் சரியாதான் இருக்கும்."

"இல்ல மிஸி. ஏத்தக் கூடாது."

"சரி சரி, பேசாம படு."

டாக்டர் உடனே இரண்டு பை வேண்டும், ரத்தத்தை ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்றார். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். சிவப்பு மை. எட்டுக் கட்டம். சாந்தியின் போன். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நான் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அது வேறு யாருடைய அட்டையாகவாவது இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகுதான் மூன்று மாடியும் ஓடினேன்.

'உள்ளே வராதீர்' கதவைத் தள்ளிக்கொண்டு போனால், வெள்ளைக் கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மாள் ஃபிரிஜ்ஜை மூடிக்கொண்டிருந்தார். அவர்தான் தேவகி அக்கா, லேபில் எல்லாருக்கும் மூத்தவர்.

"ரத்தம் போயிருச்சா?"

"எமர்ஜென்சிக்கா? இப்பதான் அட்டெண்டன்ட் வாங்கிட்டுப் போனான். நீங்க யாரு?"

"அவங்க பேரு புஷ்பவள்ளி. அவங்க ஓ இல்லங்கிறாங்க."

"எந்தப் புஷ்பவள்ளி? பங்லிமா காராங்கா?" ரத்தம் கேட்டு வந்த கணினிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் நான் வடிவமைத்தபடி எண் பெரிதாகவும், ஓ பாசிட்டிவ் அதைவிடப் பெரிதாகவும், பெயர் பொடி எழுத்திலும் இருந்தன. "ஐயோ, இந்தப் புள்ளைக்கா!" என்று போனை எடுத்தார். ஆபரேசன் தியேட்டர் லைன் எங்கேஜ். போனை அப்படியே தொங்கவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் ஓடினேன்.

தியேட்டரில் ரத்தப் பை ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயை இன்னும் கையில் மாட்டவில்லை. தேவகி அக்கா ஸ்டாண்டைப் பிடித்து இழுத்து, பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் கத்தினார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "பம்பாய் குரூப் டாக்டர். ஓ போனா செத்துரும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை.

பின்னால் அவர் எனக்கு விளக்கியது இதுதான். சாதாரணச் சோதனையில் அந்த ரத்தம் ஓ மாதிரியே தெரியும். ஆனால் ஓ ரத்தத்தில்கூட இருக்கும் ஒரு பொருள் அவர்களுக்கு இருக்காது. அதனால் எட்டு வகையில் எதைக் கொடுத்தாலும் உடம்பு சண்டைக்கு நிற்கும். மிக அபூர்வம்தான், ஆனால் நம்மவர்களிடம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். வேறொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க முடியும்.

"இவளோட அண்ணனுக்கும் இதே வகை" என்றார் அக்கா. "அன்னிக்கே குடும்பத்துல எல்லாரையும் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணேன். அவனுக்கு மட்டும்தான் ஒத்துவந்துச்சு. போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டுறான். கம்பெனி போன் நம்பர கார்டுக்குப் பின்னால எழுதி வச்சிருந்தேன். கார்டு எங்க?"

அட்டை ஸ்டோரில். அண்ணனின் நம்பரை எந்த அட்டவணையிலும் ஏற்றவில்லை, அதற்கு நான் டைப் எழுதவில்லையே. நல்லவேளை, பழைய அட்டை எண்ணுக்கு ஒரு பத்தி வைக்கச் சொல்லி லிம் பிடிவாதம் பிடித்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி, பெட்டிகளை இறக்கிப் பிரித்தேன். அவசரத்தில் ஒரு பெட்டி முழுவதும் கொட்டிவிட்டது. கடைசியில் கிடைத்தது. எட்டுக் கட்டத்தின் மேலும் சிவப்புக் கோடு. அதற்கு மேல் தெளிவான கையெழுத்தில் 'பம்பாய் வகை. லேப்பைக் கேட்கவும். ஓ கொடுக்கக் கூடாது.' மூன்றே வரி. சாந்தி அதில் இரண்டை எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். மூன்றாவதைப் படிக்க நான் அவகாசம் கொடுக்கவில்லை.

போன் போட்டால், அவர் துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கிறார் என்றார்கள். மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள். முக்கால் மணி நேரத்தில் மருத்துவமனை வாசலில் ஹாரன் சத்தம். பின்னால் கண்டெய்னரோடு முழு லோரியும் வந்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. காவலாளி ஓடிவந்து, "இங்க நிறுத்தக் கூடாது லா" என்றார். "சாவி உள்ளதான் இருக்கு, நீயே எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு ஒருவர் படியேறி ஓடிவந்தார். அவர்தான் அண்ணன் முனியாண்டி.

ஒரு பைதான் எடுக்க முடிந்தது. இன்னும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சண்டை போட்டார். தேவகி அக்கா செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்து அனுப்பினார். அதுவரை டாக்டர்கள் மருந்தையும் உப்புநீரையும் வைத்து அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மத்தியானம் ஒரு பெண் குழந்தை அழுதது. சாயங்காலம் தாயும் பிழைத்துவிட்டாள் என்றார்கள். நான் கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் லிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தி மேல் தப்பில்லை, நான்தான் போடச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். 'எல்லாருக்கும் தெரியும்' என்று என் கையெழுத்து. டீ ஊற்றினார். முதன்முறையாக எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

பிறகு, "இன்னும் எத்தனை பேரை இந்த மாதிரி பொருந்தாத கட்டத்துக்குள்ள தள்ளியிருக்க?" என்று கேட்டார்.

விதியை மாற்றுவது எளிது. பழைய விதியை டைப்பிலிருந்து அவிழ்த்து, ஒன்பது வகையோடு புதியதை எழுதிக் கட்டினேன். ஒரே இடத்தில் மாற்றினேன், எல்லா அட்டவணையிலும் மாறியது. அந்த வசதிக்காகத்தானே இவ்வளவும். ஆனால் விதி இனிமேல் வருகிறதைத்தான் சோதிக்கும், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பதைத் தொடாது. புஷ்பவள்ளியின் வரியில் இன்னும் ஓ பாசிட்டிவ் என்றே இருந்தது. அதை நானே கையால் மாற்றினேன். எமர்ஜென்சி திரையில் ஒன்பதாவது வகை வந்தால், சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை வரும்படி செய்தேன். புத்தகத்தில் மூன்றாவது பத்தியில் தேவகி அக்கா கையெழுத்துப் போட்டார். சிவப்பு மையில்தான்.

அதன் பிறகு சாந்தியும் நானும் ஸ்டோரில் உட்கார்ந்து அத்தனை அட்டைகளையும் கணினியோடு ஒப்பிட்டோம். பல வாரம் ஆனது. ரத்தவகையில் வேறு யாரும் சிக்கவில்லை. ஆனால் பிறந்த தேதி தெரியாத தோட்டத்துக் கிழவிகள் அத்தனை பேரும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். தகப்பன் பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு வார்டு அட்டெண்டன்டின் பெயர் இருந்தது. எல்லாமே நான் எழுதிய விதிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. உண்மையை ஏற்காத கட்டத்தில், கட்டம் எதை ஏற்குமோ அதைப் போட்டுவிட்டு மக்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து எந்த டைப் எழுதினாலும், 'இதில் அடங்காதவர் வந்தால் என்ன செய்வார்' என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். வினோதினி, நீங்களும் கேளுங்கள்.

விதியையும் திரையையும் மாற்றிய கையோடு, அட்டைகளை ஒப்பிடத் தொடங்கும் முன்னால், அவள் பிழைத்த மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கூப்பிடவில்லை. குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. முனியாண்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஓன்னு போடச் சொன்னது நான்தான்மா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முனியாண்டி எழுந்துவிட்டார். "நீதானா அது? எந்தங்கச்சி படிச்சுப் படிச்சு சொல்லியும் கேக்கலியாமே?"

"அண்ணே, உக்காரு" என்றாள் அவள். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. குரல் இன்னும் தேறவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"அன்னிக்கு எனக்கு நெனவு இருந்துச்சு, வாய விட்டு சொன்னேன். அடுத்த தடவ நான் பேச்சு மூச்சு இல்லாம கெடந்தா, உங்க கம்ப்யூட்டரு எனக்காகப் பேசுமாண்ணே?"

எத்தனையோ அதிகாரிகள் முன்னால், எல்லாவற்றையும் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னவன் நான். அன்று என் கண்ணால் பார்க்காமல் அப்படிச் சொல்லத் துணியவில்லை. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

எமர்ஜென்சி கவுண்டரில் வேறொரு மிஸி இருந்தாள், சின்னப் பெண், அன்று நடந்தது எதுவும் தெரியாதவள். அவளிடம் ஒன்றும் விளக்கவில்லை. புஷ்பவள்ளியின் அடையாள அட்டை எண்ணை மட்டும் சொல்லி, தட்டச் சொன்னேன். தட்டினாள். திரை வந்தது. அவள் அடுத்து என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கை போனுக்குப் போனது.

"என்ன அங்கிள் இது, இவங்களுக்கு ஓ ஏத்தக் கூடாதாமே? லேப்புக்கு உடனே சொல்லணும்னு வருது. ஆளு எங்க?"

"ஆளு நல்லா இருக்காங்க. போன வச்சிரும்மா" என்றேன்.

அப்புறம் மாடி ஏறிப் போய், கட்டில் பக்கத்தில் நின்று, "கம்ப்யூட்டரு பேசும்மா" என்றேன்.